மாப்பிள்ளை வீட்டுச் சித்தி

"நான்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா முதல் கதவைத் திறக்கிறார். இரண்டாவது கதவிலும் "நான்தான்." மூன்றாவதில் இருக்கும் கிழட்டுப் பெட்டைக்குதிரைக்குக் காது மந்தம் என்பதால் அங்கே மட்டும் கொஞ்சம் உரக்க, "நான்தான்டி, வேற யாரு வருவா உன்னப் பாக்க?" பன்னிரண்டு கதவுக்கும் சொல்லி முடிப்பதற்குள் நன்றாக வெளுத்துவிடுகிறது. குதிரை நிற்கும் இடத்துக்குள் ஓசை காட்டாமல் நுழையக் கூடாது என்பது லாயத்தில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். மற்றவர்கள் சீட்டியடிப்பார்கள், நாக்கைச் சொடுக்குவார்கள், சும்மாவாவது இருமுவார்கள். இவர் மட்டும் பக்கத்து வீட்டில் கத்தரிக்கோல் இரவல் கேட்கப் போனவர் மாதிரி கதவருகே நின்று குரல் கொடுக்கிறார்.

இந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. எங்கள் மாடிக்குக் கீழ்வீடு அவருடையது. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். "ரூம் கதவைத் தட்டிட்டு நான்தாங்கறா சார். வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. வேற யாருன்னு நான் நினைச்சுக்கணும்?" என்று மாடிப்படியில் என்னை நிறுத்தி நியாயம் கேட்பார். நான் யார் பக்கமும் சாயாமல் மேலே ஏறிவிடுவேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. குட்டை உருவம், குதிரையின் முதுகு இவர் தலைக்கு மேலே இருக்கும். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, கேரட் துண்டு இருக்கும். ஒருமுறை பஸ் கண்டக்டரிடம் சில்லறை என்று நினைத்துக் கேரட்டை நீட்ட, அந்த மனிதர் வாங்கிக் கடித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தாராம். வைக்கோல் வண்டி வந்தால் கட்டுக்குள் கைவிட்டு ஒரு பிடி உருவி மோந்து பார்ப்பார். "இது நனைஞ்சு காஞ்சது. என்கிட்டயேவா?" வண்டிக்காரர் மறுபேச்சில்லாமல் அந்தக் கட்டைத் திரும்ப ஏற்றிக்கொள்வார். வாளி, மூட்டை எதுவானாலும் வலப்பக்கம்தான் சுமப்பார். இடது தோள் கொஞ்சம் இறங்கியே இருக்கும்.

மேனேஜரிலிருந்து வாட்ச்மேன்வரை எல்லாருக்கும் அவர் சித்தி. அதற்குக் காரணம் இருக்கிறது.

அதைச் சொல்வதற்கு முன் லாயத்தைச் சொல்ல வேண்டும். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் முழுசாகத் தெரியும். குதிரைகளை வளர்த்து இனம் பெருக்கும் இடம் அது. இந்தப் பக்கம் பெட்டைக்குதிரைகள், அந்தப் பக்கம் நான்கு ஆண்குதிரைகள், நடுவே ஒரு இரும்பு கேட். நன்றாகச் சாப்பிட்டு, வருஷத்தில் சில நாள் மட்டும் வேலை பார்த்து, மீதி நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மரியாதை எதிர்பார்ப்பவர்களை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆண்குதிரைகளுக்கு அங்கே மாப்பிள்ளை என்று பெயர். கேட்டுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு, இந்தப் பக்கம் பொண்ணு வீடு. பொண்ணு வீட்டில் வேலை பார்த்த ஏப்ரனோடு மாப்பிள்ளை வீட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பருவத்துக்கு வந்த பெட்டையின் வாசனை துணியில் ஒட்டியிருந்தால், சாதுவான ஆண்குதிரைக்கும் அந்த நேரத்தில் ஆள் அடையாளம் தெரியாது.

எனக்குத் தெரு நாய் என்றாலே எதிர்ப்பக்கம் போகும் சுபாவம். ஆகவே சித்தி இரும்பு கேட் பக்கமே போகாமல் தீவனக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு நடப்பதை நான் வெகு காலம் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். சாயங்காலம் தீவன வாளிச் சத்தம் கேட்டதும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு குதிரை கனைக்கும். கனைப்பின் கடைசியில் சின்னதாக ஒரு விக்கல். அதைக் கேட்டால் சித்தி கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு நிற்பார். கொட்டகைச் சுவரில் சாய்ந்து, அது முடியும்வரை நின்று கேட்டுவிட்டு வேலையைத் தொடருவார்.

"யாரு அது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எம் பிள்ளை" என்றார். பிறகு ஏதோ கூடுதலாகச் சொல்லிவிட்டவர் போல வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறந்த அன்றே அந்தக் குட்டிக்குத் தாய் இல்லாமல் போனது. நாலு மாதம் பாட்டில் பால் கொடுத்து வளர்த்தவர் இவர்தான். அம்மா போனால் வருவது யார்? சித்தி. அப்படி யாரோ கேலியாகச் சொன்னது பெயராக நின்றுவிட்டது. இவருக்கும் அதில் பெருமை. மற்ற கதவுகளில் "நான்தான்" என்பவர் அந்தக் கதவில் மட்டும் "சித்திடா" என்பார். மூன்று வயதில் அவனை மாப்பிள்ளை வீட்டுக்கு மாற்றினார்கள். இவர் தினமும் மத்தியான இடைவேளையில் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஒருநாள் அவசரம். ஏப்ரன் கழற்றவில்லை. காலையில் பருவத்தில் இருந்த பெட்டையைக் குளிப்பாட்டிய அதே ஏப்ரன். "நம்ம பிள்ளைதானேன்னு ஒரு அலட்சியம் சார்." உள்ளே போனவரை அவன் இடது தோளில் கவ்வித் தூக்கிச் சுவரோரம் போட்டான். பதினோரு தையல்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து மேஸ்திரி கேட்டார். மாப்பிள்ளை வீட்டுக்குப் பொறுப்பு அவர்தான், இவரைவிடப் பதினைந்து வயது இளையவர். "ஏப்ரனை மாத்திட்டுத்தானே போனீங்க சித்தி?"

"மாத்திட்டேன்" என்றார் இவர்.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "வேலை போயிடும்னு பயம். அதைவிட, வளத்தவளையே கடிச்சிட்டானேன்னு ஆத்திரம். அந்த நேரத்துல அவன் மேல பழி போட்டா மனசுக்கு இதமா இருந்துச்சு."

அந்த ஒரு வார்த்தைக்கு அவன் ஆறு வருஷம் அனுபவித்தான். கதவில் சிவப்பு அட்டை: கடிக்கும். வெளியே கூட்டிப்போனால் இரும்பு வாய்க்கூடை. மற்ற மூவரையும் தடவிக்கொடுக்க ஆள் உண்டு; இவனிடம் மேஸ்திரி தவிர யாரும் நெருங்கியதில்லை. சித்தியும் கேட்டைத் தாண்டவில்லை. பயம் எலும்புக்குள் இறங்கிவிட்டது. எந்த ஆண்குதிரை தலையைச் சிலுப்பினாலும் இடது தோள் தானாகவே பின்னால் போகும். ஆனால் ஏக்கம் பயத்துக்கு அடங்குவதாயில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, "இப்ப அவனுக்கு முடி கொட்டற காலம். ஒழுங்கா சீவி விடறாங்களோ என்னமோ" என்பார். கணவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "எனக்குக் கொட்டினப்போ ஒருத்தரும் கேக்கல" என்பார்.

இந்த வருஷம் ஒரு செய்தி வந்தது. அவனுடைய மகள்கள் வளர்ந்து பொண்ணு வீட்டில் பாதி இடத்தைப் பிடித்துவிட்டார்கள். மகள்கள் பருவத்துக்கு வந்துவிட்டால் அப்பன் அதே லாயத்தில் இருக்க முடியாது. வெகு தூரத்தில் வேறு ஒரு லாயத்துக்கு அனுப்புகிறார்கள், இன்னும் இருபத்திரண்டு நாள் என்றார்கள்.

அன்று டீ குடிக்கும்போது சித்தி மேஸ்திரிக்கு எதிரே போய் உட்கார்ந்தார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டு ஏப்ரனோட உள்ள போனது யாரு தெரியுமா?"

"யாரு?"

"நான்தான்."

தினமும் பன்னிரண்டு முறை சொல்கிற வார்த்தைதான். இந்த ஒரு முறை சொல்வதற்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. மேஸ்திரி கிளாஸைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று இவர் எதிர்பார்த்தார். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? போய் அவன்கிட்ட சொல்லுங்க" என்று எழுந்துபோய்ச் சிவப்பு அட்டையைப் பிய்த்தெறிந்தார்.

அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் சித்தி வீட்டுக்கு ஓடிவருவார். தலைக்குக் குளித்து, துவைத்த உடை மாற்றி, மறுபடி ஓடுவார். முதல் நாள் கேட்வரை. மூன்றாம் நாள் கேட்டைத் தாண்டி நாலு அடி. ஆறாம் நாள் அவன் கதவுக் கம்பிக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். அவன் கடைசி மூலையில் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். யாரென்று குரல் கொடுக்க வேண்டும். இவருக்கு வாய் வரவில்லை. "என்னன்னு சொல்றது? நான்தான்னா, எந்த நான்? சித்தின்னு சொல்ல எனக்கு மூஞ்சி இருக்கா?"

மேஸ்திரி தூரத்திலிருந்தே சொன்னார்: "சித்தி, மொதல்ல மூச்சை விடுங்க. நீங்க அடக்கிப் பிடிச்சா, ஏதோ ஆபத்துன்னு அவனும் அடக்கிப் பிடிப்பான்."

மூச்சு விட மறப்பவர் என்ன செய்வது? வாய்விட்டுப் படித்தால் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும்! அதைக் கண்டுபிடித்தது சித்தியேதான். மறுநாள் மாடியேறி வந்து, நான் எழுதிய கதை வந்த பழைய பத்திரிகைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாலு நாள் கழித்து மூச்சிரைக்க வந்து, "சார், பலிச்சிடுச்சு! உங்க கதையில ரெண்டாவது பக்கம் போறதுக்குள்ள கொட்டாவி விடறான்!" என்றார். குதிரை கொட்டாவி விட்டால் உடம்பைத் தளர்த்திவிட்டது, நம்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். இதுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதுதான் உருப்படியானது என்று எடுத்துக்கொண்டேன்.

பதினேழாம் நாள் அவன் மூலையை விட்டு வந்து கம்பிமேல் மூக்கை வைத்து ஊதினான். சித்தி படிப்பதை நிறுத்திவிட்டு, புறங்கையை மெதுவாகக் கொண்டுபோனார். அவன் காது முன்னால் வந்தது. மூக்கின் தோல் இவர் விரல் முட்டிகளில் பட்டது. "சித்திடா" என்றார். அழுகை வந்துவிட்டது என்றார் என்னிடம்.

அப்புறமும் உள்ளே போகவில்லை. "கை போகுது சார், கால் வரமாட்டேங்குது. தாழ்ப்பாள்ல கை வச்சாலே தோள் விண்ணுனு தெறிக்குது. கம்பிக்கு வெளிய நின்னு பேசிட்டு வர்றதெல்லாம் ஒரு உறவா சொல்லுங்க? ஜெயில்ல மனு போட்டுப் பாக்கற மாதிரி." இருபதாம் நாளும் போகவில்லை, இருபத்தொன்றாம் நாளும் போகவில்லை. அன்று சாயங்காலம் படியில் உட்கார்ந்திருந்தவரைக் கணவர் சாப்பிடக் கூப்பிட்டார். "அவன் போனதுக்கு அப்புறம் கால் வந்து என்ன ஆகப்போகுது" என்றார் இவர். வேன்காரர் கேலி எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

லாரி காலை ஒன்பது மணிக்கு வந்தது. நானும் லாயத்துக்குப் போயிருந்தேன். பின்னால் இறக்கிய பலகைமேல் மேஸ்திரி அவனை நடத்தி ஏற்றிக் கட்டிவிட்டு இறங்கினார். குதிரையின் தலைப்பக்கம் ஆள் நிற்க, லாரியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. புது லாயத்திலிருந்து வந்தவர் அங்கே நின்று பயணம் செய்ய வேண்டும். அவர் ஆபீசில் கொடுத்த தாளைப் புரட்டினார். அட்டை போயிருந்ததே தவிர தாள் பழைய தாள்தான்.

"கடிக்கும்னு போட்டிருக்கே!" என்று இரண்டடி பின்வாங்கினார். "வாய்க்கூடை மாட்டுங்க. இல்லேன்னா நான் ஏறமாட்டேன்."

"அதெல்லாம் கடிக்கமாட்டான்" என்றார் மேஸ்திரி.

"நீங்க சொல்வீங்க. எழுத்துல இருக்குல்ல?"

உள்ளே அவன் பலகையை உதைத்தான். லாரியே ஒரு முறை ஆடியது. யாரோ வாய்க்கூடை எடுத்துவர ஓடினார்கள். ஆறு வருஷம் போட்டது போதாதென்று போகிற இடத்திலும் அதோடுதான் இறங்க வேண்டுமா?

சித்தி அன்று காலையிலேயே குளித்து, புது உடை உடுத்தி வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தச் சின்னக் கதவின் படியில் கால் வைத்தார். உள்ளே ஆள் நிற்கும் இடம் ஒரு முழ அகலம். எதிரே அவன் தலை, பின்னால் பலகை, ஒதுங்க இடமில்லை. இடது தோள் பின்னால் இழுத்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தும் ஏறிவிட்டார். உதைக்கும் சத்தம் நின்றது.

"அம்மா, வழி பூரா நிக்கணும், நாலு மணி நேரம்" என்றார் லாரி டிரைவர். "ஒரு அவசரம்னா இறங்கத் தோதா, கதவை லேசாத் திறந்தே வைக்கட்டுமா?"

உள்ளிருந்து ஒரு கை நீண்டு, கைப்பிடியைப் பற்றி, கதவை இழுத்துச் சாத்தியது.