முந்தைய பதிவோடு ஒப்பிட, மாற்றம் இல்லை

அணு உலைக்கு நாடி பார்க்கிறவள் என்று என்னைப் பற்றி என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஏறக்குறைய சரிதான். உலைக்குள் நியூட்ரான்களை அளக்க, மெல்லிய குழாய்களில் உணர்கருவிகளை இறக்கி வைத்திருக்கிறோம். அவை தருகிற மின்னோட்டம் நேர்கோடாக நிற்காது, லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல் ரூமில் இருப்பவர்களுக்கு அந்த நடுக்கம் தொல்லை. எனக்கு அதுதான் சோறு போடுகிறது. நியூட்ரான் இரைச்சல் என்று அதற்குப் பெயர். உள்ளே ஒரு குழாய் தண்ணீர் ஓட்டத்தில் துளி ஆடினாலும், அது இரைச்சல் வரைபடத்தில் ஒரு சின்ன மேடாகத் தெரியும். உலையைத் திறக்காமலே எது தளர்கிறது என்று சொல்லிவிடலாம்.

மாதம் ஒரு முறை பதிவெடுத்து, அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். உலை புதிதாக இருந்தபோது எடுத்த முதல் பதிவோடு ஒப்பிடுவதுதான் பழைய வழக்கம். அது பெரிய ரோதனை. பம்ப்பை மாற்றியிருப்பார்கள், எரிபொருளை மாற்றியிருப்பார்கள், ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டும். நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி, போன மாதப் பதிவோடு ஒப்பிட்டால் போதும் என்று புரோகிராமை மாற்றி வைத்தேன். அதிகாரியும் தலையாட்டினார். அதிலிருந்து அறிக்கை அரை மணியில் முடிந்தது. ‘முந்தைய பதிவோடு ஒப்பிட, மாற்றம் இல்லை’ என்று எழுதிவிட்டு, பஸ் பிடித்து ஊரப்பாக்கம் வந்துவிடுவேன்.

ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிறன்று, கீழ்க்கட்டளையிலிருந்து நாத்தனார் வருவார். முட்டி வலி, வருஷத்துக்கு அந்த ஒரு தடவைதான். அந்த வருஷம் செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பியைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாடா, பாதி ஆளா வந்து நிக்கிற?”

எனக்குச் சுருக்கென்றது. புருஷனுக்குச் சோறு போடாதவள் மாதிரி அல்லவா கேட்கிறார்! நேற்று எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருக்கிறார் அக்கா என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றே.

“நேத்தா பாத்தேன்? நான் போன ஆடிக்கு இல்ல பாத்தேன்.”

ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிவிட்டுப் போனார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

‘நேத்தா பாத்தேன்?’ என்ற அந்த வார்த்தை என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஆனால் அது என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியது உலையிடம். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும், உலையின் அந்த முதல் பதிவைத் தேடி எடுத்து, புதிய பதிவை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு குழாயின் மேடு, பழைய அதிர்வெண்ணை விட்டு எங்கேயோ கீழே இறங்கிக் கிடந்தது. மாதா மாதம் துளித் துளியாக, ஒவ்வொன்றும் அனுமதித்த அளவுக்குள். பிடிமானம் தளர்ந்து குழாய் மெதுவாக ஆடினால்தான் மேடு அப்படி இறங்கும். ஆடுகிற குழாய் பக்கத்திலிருக்கும் எரிபொருள் குழாயில் உரசினால், அது தேய்ந்து ஓட்டையாகிவிடும் என்பது எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த மாதம்தான் கண்டுபிடித்தேன் என்று எழுதியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தேய்மானம் புதிது என்று நினைத்து, உலையை நிறுத்துவதைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள். அதிகாரி முன்னால் போய் நின்று, முதலிலிருந்தே இறங்கிக்கொண்டிருக்கிறது சார், புரோகிராமை மாற்றியது நான், மாற்றமில்லை என்று கையெழுத்துப் போட்டதும் நான் என்று சொன்னேன். அவர் பழைய அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“கீழ என் கையெழுத்தும் இருக்கேம்மா” என்றார்.

உலையை நிறுத்தினார்கள். குழாயைப் பிடித்திருந்த வளையம் தேய்ந்திருந்தது. பக்கத்துக் குழாயைத் தொடவில்லை, நல்லவேளை. புது வளையம் போட்டார்கள். எங்கள் இருவருக்கும் மெமோ வந்தது. தப்பித்தோம்டா சாமி என்றுதான் இருந்தது எனக்கு. இந்த அமர்க்களத்தில் ஆடி போய், ஆவணியும் பாதி ஓடிவிட்டது.

மெமோ வந்த அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தால், என் வீட்டுக்காரர் அடுப்பில் ஆணியைச் சூடு பண்ணி, பெல்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தேன். கடையில் போட்ட ஓட்டைகளுக்கு அப்பால், கருகிய விளிம்போடு வரிசையாக நான்கு இருந்தன. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன்.

“அக்கா கேட்டப்ப, நேத்து மாதிரியேதான் இருக்காருன்னு நீதானே சொன்ன? அளக்கிறது உன் வேலை. உனக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்.”

மெமோவுக்கு வராத அழுகை அப்போது வந்தது. மறுநாள் அணுமின் நிலையத்து பஸ்ஸை விட்டுவிட்டு, அவரை வெறும் வயிற்றோடு தாம்பரத்துக்கு அழைத்துப் போனேன். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. எத்தனை மாதமாக இளைக்கிறார் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர்தான் குனிந்து, பெல்ட்டைப் பார்த்துப் பதில் சொன்னார்.