அன்னாளின் பாட்டறை

அன்னாளைப் போல வாயைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தியவரை நெய்வேலியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கணவர் கிறிஸ்துதாஸ் மைன்ஸில் மண் வெட்டும் ராட்சச மிஷின் ஓட்டுபவர். நைட் ஷிப்ட் முடிந்து பகலில் அவர் படுத்துவிட்டால் வீட்டில் குக்கர் விசில்கூடக் கிடையாது. தூக்கம் கெட்டால் மிஷின் மேல் கண் சொக்கிவிடுமே என்று அன்னாளுக்குப் பயம். கல்யாணத்துக்கு முன்னால் மாதா கோயிலையே நிறைத்த குரல், கிசுகிசுப்பாகவே போய்விட்டது.

இந்த வருஷக் கிறிஸ்துமஸ் பூசையில் தனியாகப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். ஆசை யாரை விட்டது, சரி என்றுவிட்டார். எங்கே பாடிப் பழகுவது?

கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாண்டிக்குப்பத்தில் அவர்கள் வாங்கிய பழைய வீட்டுக்கு அடியில், யாரோ முந்திரி மூட்டை அடுக்கிய நிலவறை ஒன்று கிடந்தது. தேளும் பூஞ்சை நாற்றமும்தான் அதில் குடியிருந்தன. வேறொருவர் என்றால் பூட்டைப் போட்டிருப்பார். அன்னாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். கூட்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்தார். பழைய சாமான் கடையில் மைன்ஸில் கழித்துப்போட்ட தடி ரப்பர் கன்வேயர் பெல்ட் துண்டுகளை வாங்கி வந்து சுவர் முழுக்க அறைந்தார், சத்தம் வெளியே போகாதாம். அடேயப்பா, என்ன மூளை!

"காத்து போவாத குழியில எறங்கக் கூடாது அன்னாளு" என்று கிறிஸ்துதாஸ் மட்டும் ஒரு குழாயைப் பொருத்தி மேலே கொண்டுபோய் விட்டார்.

அதற்கப்புறம் அவர் படுத்ததும் இவர் கீழே போய் வாய்விட்டுப் பாடினார். ஒரு நாள் செல்போனில் சுதியை ஓடவிட்டு அதைக் கீழேயே வைத்துவிட்டுத் துணி காயப்போட மேலே வந்தவர் திடுக்கிட்டார். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே குழாயின் வாய். அதிலிருந்து சுதி கணீரென்று கேட்டது.

ஐயோ, இத்தனை நாளும் மனுஷன் தூங்கவே இல்லையா! ஈரத் துண்டைச் சுருட்டிக் குழாயில் அடைத்தார்.

"ஏன் அடைக்கிற? எடு" என்றார் ஜன்னலில் கிறிஸ்துதாஸ்.

"உங்க தூக்கத்த கெடுத்துகினு இருந்திருக்கேனே!"

"யாரு சொன்னா? ராவெல்லாம் மிஷின் சத்தத்துல இருந்துட்டு வந்து, வூடு கப்சிப்னு கெடந்தா தூக்கம் புடிக்குமா? நீ பாட ஆரம்பிச்சப்பறந்தான் நல்லா தூங்கறேன். கொழாய அங்க வெச்சதே அதுக்குத்தான்."

"இத அப்பவே சொல்றதுக்கென்ன?"

"எனக்காக அவ்ளோ பாத்துக்கற. எப்புடி சொல்றது?"

அன்னாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இத்தினி வருஷமா என் வாயக் கட்டிப்போட்டுட்டீங்களேய்யா!" என்று பட்டப்பகலில் ஒரு கத்து கத்தினார் பாருங்கள், தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.