ஆவிகளுக்கெல்லாம் குரல் கொடுத்த சபேசன் சார்

முதலில் ஒரு வெட்கக்கேடு. நேற்று பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, வீட்டில் அத்தனை லைட்டையும் போட்டு, டிவியையும் அலறவிட்டு, ஹால் நடுவில் உட்கார்ந்திருந்தேன்... பயம். எனக்கு வயது ஐம்பத்தெட்டு.

சபேசன் சார் போய்விட்டார். நேற்று காலையில், டெல்லி மயூர் விஹார் வீட்டில், தூக்கத்திலேயே.

தொண்ணூறுகளில் டெல்லியில் இருந்த சிலருக்காவது அந்தக் குரல் ஞாபகம் இருக்கும். மாதம் ஒரு ஞாயிறு மதியம், லோதி ரோடு பக்கம் ஒரு சின்ன ஹாலில் எங்கள் ஃபிலிம் சொசைட்டி படம் போடும். தூதரகங்கள் ஓசியில் தரும் படப்பெட்டிகள். எங்கள் செயலாளருக்கு ஒரு வியாதி... கடவுள், மரணம், ஆவி, இதில் ஒன்றாவது இருந்தால்தான் படத்தைத் தொடுவார்.

சப்டைட்டில் கிடையாது. பெட்டியோடு டைப் அடித்த இங்கிலீஷ் டயலாக் ஷீட் வரும். அதை மடியில் வைத்துக்கொண்டு, பென் டார்ச் வெளிச்சத்தில், மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே போவார் சபேசன் சார். ஆண், பெண், பாதிரியார், பிணம்... எல்லாருக்கும் ஒரே குரல். வார நாட்களில் மினிஸ்ட்ரியில் என் செக்‌ஷன், என் சீனியர்.

சார் பாளையங்கோட்டைக்காரர். அதனால் பனி கொட்டும் தேசத்துப் பாதிரியார்கூட இடிந்த சர்ச்சில் மண்டியிட்டு, "ஏய்யா கடவுளே, ஒமக்குக் காது கேக்கா இல்லியா?" என்பார்.

நாங்கள் சிரித்தால் மைக்கிலேயே அதட்டு விழும். "சிரிக்காதீங்கவே. மனுசன் நெசமாவே அழுதுக்கிட்டிருக்காரு."

ஒரு படத்தில் இருபது நிமிஷம் யாரும் பேசவில்லை. ஒரு காலி அறை, ஆடும் திரைச்சீலை, அவ்வளவுதான். இருட்டில் மைக் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து சீட் அக்கவுண்ட்ஸ் நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை.

இனி, யாரிடமும் சொல்லாதது.

அந்த வருஷம்தான் கும்பகோணத்தில் என் அப்பா இறந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் தம்பி கொள்ளி வைத்து முடித்துவிட்டான். டிக்கெட் கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். மனைவியிடமும்.

பொய். "ஆஜ் கா ஏக் பர்த் ஹை, சாஹியே?" என்று கவுண்ட்டரில் கேட்டார்கள். இன்றைக்கே ஒரு பர்த் இருக்கிறது, வேண்டுமா என்று. அப்பா ஏற்கெனவே மூன்று தடவை 'சீரியஸ்' ஆகிப் பிழைத்தவர்... மறுநாள் ஆபீஸ் கிரிக்கெட் வேறு. நான்தான் விக்கெட் கீப்பர், வருகிற கேட்சையெல்லாம் தவறவிடுகிற கீப்பர். இரண்டு நாள் தள்ளி டிக்கெட் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் படம். செத்துப்போன அப்பா ஒருவர் மூடுபனியில் படகு தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். மகனுக்கு எதிரே மேஜையில் உட்கார்கிறார்.

சபேசன் சார் குரல் நின்றது. டார்ச்சும் அணைந்தது. பிறகு மெதுவாக, திருநெல்வேலி வாடையே இல்லாமல், அசல் கும்பகோணத்துத் தமிழில்...

"டிக்கெட் அன்னிக்கே இருந்துச்சாமேடா... சரி, விடு. அதுக்கு இப்ப என்ன. சாப்ட்டியா?"

திரையில் அந்த வெள்ளைக்காரக் கிழவரின் உதடு அசையவே இல்லை. சத்தியமாக. கண் மட்டும் நேராக என்னைப் பார்த்தது.

லைட் வந்ததும் ஓடினேன். "சார், அந்த டிக்கெட் டயலாக்..."

"எந்த டிக்கெட்டு?"

"அந்த அப்பா வந்து சொல்வாரே..."

"படகுல வந்தவனுக்கு டிக்கெட் எதுக்குவே?" என்றவர், ஷீட்டை நீட்டினார். "இந்தா பாரும். பெட்டியில ஷீட்ட மாத்தி வச்சுட்டான். ஏதோ பால் பண்ணை டாக்குமெண்டரி. இன்னைக்கி முழுக்க நானா அடிச்சுவிட்டதுதான்... ஆனா டிக்கெட்டுன்னு ஒண்ணும் சொல்லலியே."

ஷீட்டைப் பார்த்தேன். பசு மாடு, தீவனம், பசு மாடு.

அன்று வீட்டுக்கு வந்து, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன். மனைவிக்கே ஆச்சரியம். ஆனால் அதன் பிறகு சொசைட்டி பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆபீஸ் காரிடாரில் சாரைப் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு வேகமாக நடப்பேன். இவருக்குள்ளிருந்து அப்பா மறுபடி ஏதாவது கேட்டுவிட்டால்?

நேற்று செய்தி வந்ததும் முதலில் தோன்றியது துக்கம்கூட இல்லை. இனி அப்பா எந்தக் குரலில் வருவார் என்றுதான். அதனால்தான் அத்தனை லைட்டும்.

போய் வாருங்கள் சார். அங்கே என்ன பாஷை என்று தெரியாது... நீங்கள் சமாளித்துவிடுவீர்கள்.

இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு, இன்று சாயங்காலம் சார் வீட்டுக்குப் போயிருந்தேன். இத்தனை வருஷக் கதையை அவர் மனைவியிடம் உடைத்துச் சொன்னேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அச்சா, அந்த டிக்கெட்டா? ரிசர்வேஷன் க்யூல ஒங்களுக்குப் பொறத்தால நின்னது எங்க வீட்டுக்காரவியதான. நீங்க திரும்பிப் பாத்தா கூசிப்போவியளேன்னு தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டாவளாம்."