இறக்கத்தில் மூடிய சோக்

தன் வாயால் "பிழை என்னுடையது" என்று இத்ரூஸ் நானா சொல்லி மாத்தளையில் யாரும் கேட்டதில்லை. கறியில் அவரே இன்னொரு பிடி உப்பைப் போட்டுக் கெடுத்தாலும், உப்புப் போத்தலை இடம் மாற்றி வைத்த பொண்டாட்டி ஸைனம்புதான் குற்றவாளி. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். ஆனால் அவருடைய கராஜுக்குள் தள்ளிக்கொண்டு வந்த வண்டி ஓடிக்கொண்டுதான் வெளியே போகும். அதனால் ஊர் அவரைப் பொறுத்துக்கொண்டது.

எழுபத்து நாலாம் வருஷம் சிவசாமி வாடகைக்கு ஓட்டும் ஹயர் கார் அவரிடம் வந்தது. பழைய அமெரிக்கக் கார். மலைக்கு அப்பால் லக்கலப் பக்கத்துச் சனத்துக்கு அவசரமென்றால் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வர அதை விட்டால் வேறு கதியில்லை, பஸ் நினைத்தால்தான் வரும். அந்தக் காரின் சோக் பழுதாகிவிட்டது. குளிர்ந்த இஞ்சினை எழுப்பும்போது காபுரேட்டரில் காற்றை அடைத்து, பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிற மூடிதான் சோக். இஞ்சின் சூடானதும் அது தானாகத் திறந்துவிட வேண்டும்.

திறக்க வைக்க இரண்டு வழி உண்டு. இஞ்சினின் சூட்டுக் காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து மூடிக்குக் கொடுக்கலாம், அல்லது கரண்டில் சூடாக்கலாம். சிவசாமியின் காரில் இருந்தது சூட்டுக் காற்றுச் சோக். குழாய் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. செப்புக் குழாயை வளைத்துப் புதிதாகச் செய்ய இரண்டு நாள் மினக்கெட வேண்டும். கொழும்பிலிருந்து வந்த கரண்ட் சோக் ஒன்றோ மேசையில் பளபளவென்று கிடந்தது.

"எது நல்லது நானா?" என்று கேட்டான் சிவசாமி.

"உலகம் கரண்டுல போகுது, நீ இன்னும் குழாயப் பிடிச்சிக்கிட்டு இருக்கே" என்று சொல்லி அதையே பூட்டிவிட்டார். காலைக் குளிரில் ஒரே சாவியில் இஞ்சின் எடுத்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து, லக்கலயில் கடை வைத்திருக்கும் புஹாரியின் மனைவி ஹமீமாவுக்கு வலி கண்டது. சிவசாமி ஏற்றிக்கொண்டு மலை ஏறினான். உச்சியிலிருந்து ரத்தோட்டைக்கு இறங்கும்போது, அந்தப் பாதையில் எல்லா டிரைவர்களும் செய்வதுபோலவே, இஞ்சினை நிறுத்திக் காரை உருள விட்டான். பெற்றோல் விற்ற விலைக்கு அப்படித்தான் எல்லாரும் பிழைத்தார்கள். கீழே பாலத்தைத் தாண்டி ஏற்றம் வந்தது. சாவியைத் திருப்பினான், எடுக்கவில்லை. கறுப்புப் புகைதான் வந்தது. தோட்டத்துப் பெண்கள் ஓடி வந்து சேலையை மறைப்பாகப் பிடிக்க, கார் சீட்டிலேயே பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஹமீமாதான் இரத்தம் போய், செத்துப் பிழைத்தாள்.

"ரெண்டு சொட்டுப் பெற்றோலுக்காக என் பொண்டாட்டியக் கொல்லப் பார்த்தான்" என்று புஹாரி போன இடமெல்லாம் சொன்னார். சிவசாமியின் காரில் ஏற ஆளில்லாமல் போயிற்று. ஒரு மாதம் பார்த்துவிட்டு அவன் சாவியைக் கொண்டுவந்து கராஜ் மேசையில் வைத்தான்.

"வித்துக் குடுங்க நானா. அவர் சொல்றது சரிதான், நான் இஞ்சின நிப்பாட்டியிருக்கக் கூடாது."

அவன் போன பிறகு இத்ரூஸ் நானா காரை மலைப்பக்கம் ஓட்டி நன்றாகச் சூடாக்கினார். நிறுத்தி, இருபது நிமிஷம் பொறுத்து, காபுரேட்டரைத் திறந்து பார்த்தார். இஞ்சினில் கை வைக்க முடியாத சூடு, ஆனால் சோக் இறுக மூடிக் கிடந்தது. சாவியைத் திருப்பி நிறுத்தினால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் அது ஆறி மூடிக்கொண்டது; சூட்டுக் காற்றுச் சோக்காக இருந்தால் இஞ்சின் சூட்டிலேயே திறந்து கிடந்திருக்கும். சூடான இஞ்சினுக்குள் பெற்றோலைக் கொட்டினால் எப்படி எடுக்கும்? இறக்கத்தில் இஞ்சினை நிறுத்துவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? அவரே நிறுத்துகிறவர்தானே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு குஞ்சுக்கும் தெரியப்போவதில்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து செப்புக் குழாயை வளைத்தார். சூட்டுக் காற்றுச் சோக்கைப் பூட்டினார். "விக்கிறதுக்கு முன்னால ஒருக்காப் பார்த்துடுவோம்" என்று சிவசாமியைக் கூட்டிக்கொண்டு நேரே லக்கலக்குப் போய், புஹாரியின் கடை வாசலில் காரை நிறுத்தச் சொன்னார்.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நானா இறங்கி உள்ளே போனார்.

"புஹாரி, இவன்ல ஒரு குத்தமும் இல்ல. நான் பிழையான சோக்கப் பூட்டிட்டேன். பிழை என்னுது."

சிவசாமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். புஹாரியின் முகம் கறுத்தது. அவர் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து ஹமீமாவின் குரல் வந்தது.

"பிள்ளை பெத்த நாப்பது முடிஞ்சா நான் உம்மா வீட்டுக்குப் போகணும். சிவசாமி அண்ணனையே வரச் சொல்லுங்க."

திரும்பும்போது உச்சியில் சிவசாமியின் கை சாவிக்குப் போய்ப் போய் மீண்டது.

"நிப்பாட்டு" என்றார் நானா.

கார் இஞ்சின் சத்தமில்லாமல் உருண்டு இறங்கியது. பாலத்தைத் தாண்டி, அதே ஏற்றத்தடியில் கார் நின்றது. சிவசாமி சாவியைத் திருப்பினான். இஞ்சின் ஒரே மூச்சில் எடுத்தது.

ஆனால் கார் நகரவில்லை. சிவசாமி ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். இத்ரூஸ் நானா வெளியே தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டு, தன் கண்ணைத் துடைத்தார்.

"போதும் தம்பி, எடு" என்றார். "பெற்றோல் வீணாப் போகுது."