அந்தோணிராஜ் எழுதிக் கொடுத்த உறுதிமொழி

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்தோணிராஜ். தொழிற்சாலையில் வெல்டர். கெட்டிக்காரர் என்பது அவருக்கு அவரே கொடுத்துக்கொண்ட பட்டம். 1986இல் பி.எஃப். பணத்தில் பெரும்பகுதியை எடுத்து நெமிலிச்சேரியில் வீடு வாங்கினார். ஓய்வு பெறும்வரை வாடகை, அப்புறம் சொந்தக் கூரை என்பது திட்டம். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்.

அந்தப் பணம் வாடகைக்கு விடும் வீட்டுக்குக் கிடைக்காது. அதனால், நானே குடியிருப்பேன், வாடகைக்கு விடமாட்டேன் என்று ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தார். எங்களில் பாதிப் பேர் அப்படி எழுதியவர்கள்தான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன், அவரோடு வேலை செய்த கன்னியப்பன். அவனையே குடியும் வைத்தார். வெளியாள் என்றால் விஷயம் ஆபீஸுக்குப் போய்விடுமாம். அக்ரிமென்ட், ரசீது எதுவும் கிடையாது.

எட்டு வருடம் ஒழுங்காக வாடகை வந்தது. ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கும்போது காலி செய்யச் சொல்லப் போனார். நானும் உடன் போனேன்.

"எங்க போவேன் அண்ணாத்தே? பொண்ணு இங்கதான் படிச்சிகினு கீது," என்றான் கன்னியப்பன்.

"அப்ப கோர்ட்டுக்குத்தான் போவணும்," என்றார் இவர்.

அவன் கோபப்படவே இல்லை.

"போயேன். வாடகைக்குக் கீறேன்னு சொல்றேன். ஆபீஸுக்கு நீ இன்னா எழுதினேன்னு எனக்குத் தெரியாதா? உன் பென்ஷன் பேப்பர் இன்னும் அங்கதானே கீது?"

பென்ஷன் நின்றுவிடும் என்ற பயத்தில் அந்தோணிராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். மனைவி லூர்தம்மாளிடம் மூச்சு விடவில்லை. வேறு வீடு பிடிக்க அட்வான்ஸுக்கும் வழியில்லை. ஓய்வுபெறும்போது வரவேண்டிய பணம் குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகுதான் கிடைக்கும். கடைசியில் கன்னியப்பனே இரங்கி, பின்பக்க அறை ஒன்றை விட்டுக்கொடுத்தான். இரக்கம் என்றே சொல்லிவிடுகிறேன், வேறு பெயர் சொன்னால் கெட்ட வார்த்தை வரும்.

சாமான் வண்டியோடு நானும் போனேன். வீடு காலியாகிவிட்டது என்றே நம்பியிருந்த லூர்தம்மாள், மாதா படத்தை நெஞ்சோடு அணைத்தபடி முன்வாசலில் கால் வைத்தார். கன்னியப்பன் மனைவி நாகவல்லி உள்ளேயிருந்து வந்து தன்மையாகச் சொன்னாள்:

"அக்கா, உங்க ரூமுக்கு வழி பின்னால கீது."

லூர்தம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலை நிமிராமல் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.