சிட்ரிக் வாத்தியார் திறந்து வைத்த உடற்பயிற்சிக் கூடம்

உயிரியல் வாத்தியாரைப் பள்ளிக்கூடமே 'சிட்ரிக்' என்றுதான் அழைத்தது. சிட்ரிக் அமிலச் சுழற்சியைத் தொட்டுவிட்டால் மனுஷன் மணி அடித்தாலும் விடமாட்டார். பல் மருத்துவரின் நாற்காலியில், வாயில் பஞ்சோடு, பாதிச் சுழற்சியை விளக்கி முடித்தவர்.

அவர் மனைவியின் தம்பி ஓர் உடற்பயிற்சிக் கூடம் திறந்தான். கூடவே எலுமிச்சைத் தூள் வியாபாரம். கரைத்துக் குடித்தால் செல்லுக்குள் சுழற்சி பிய்த்துக்கொண்டு ஓடுமாம்.

"மாமா, திறப்பு விழாவுல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

"பொய் சொல்லமாட்டேன்டா."

"உண்மையே சொல்லுங்க. யாருக்குப் புரியப்போகுது?"

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மைக் என்றதும் மனசு இளகிவிட்டது.

மேடையில் விளாசித் தள்ளினார். "நீங்க சாப்பிட்டது உடைஞ்சு உடைஞ்சு, ரெண்டு கார்பன் துண்டா மைட்டோகாண்ட்ரியாவுக்கு வருது. அங்க நாலு கார்பன் உள்ள ஒண்ணு காத்திருக்கு. ரெண்டும் சேர்ந்தா ஆறு. அதுதான் சிட்ரிக் அமிலம். உடம்பே செஞ்சுக்குது, கடையில வாங்க வேண்டாம்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"அப்புறம் ரெண்டு கார்பன் கழண்டு கார்பன் டை ஆக்சைடா மூச்சுல வெளிய போயிடும். மிச்சம் பழைய நாலு. அடுத்த துண்டுக்குத் தயார். இந்தச் சுத்துல கிடைக்கிற எலக்ட்ரான்களை வச்சுத்தான், ஆக்சிஜன் துணையோட, செல் தனக்கு வேண்டிய சக்தியில பெரும்பகுதியைத் தயாரிக்குது. தேவைக்குத் தக்கபடிதான் சுத்தும். எலுமிச்சை குடிச்சா வேகமெடுக்காது."

முன்வரிசைப் பெரியவர் மைத்துனனைக் கூப்பிட்டார். "இவ்வளவு விவரமான மனுஷன் பேசுறார்னா சரக்கு சுத்தமாத்தான் இருக்கும். எனக்கு ஒரு பொட்டலம் எடுத்து வை."

"வாங்காதீங்க," என்று வாத்தியார் மைக்கிலேயே கத்தினார்.

"என்ன தன்னடக்கம்," என்று ஓர் அம்மாள் உருகினாள்.

மறுவாரமே பொட்டலத்தில் விரலை உயர்த்தியபடி வாத்தியாரின் படம் வந்தது. அவர் தாம் தூம் என்று குதித்தார்.

"போட்டோவுல நல்லாத்தான் இருக்கீங்க," என்றாள் மனைவி.

மைத்துனன் பணிந்து போனான். அடுத்த பொட்டலத்தில் அவர் முகம் இல்லை. அந்த இடத்தில் சுழற்சியின் படம் இருந்தது. வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார். முகம் சிவந்தது. போனை எடுத்தார்.

"ஏன்டா, ஒரு அம்புக்குறி தலைகீழா இருக்கே. அடுத்து அச்சடிக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு தடவை காட்டக்கூடாதா?"