நின்றால் மறுபடி ஓடும்

தேயிலைத் தோட்டத்தில் அக்கா குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே ஒரு மலைச்சரிவு இருக்கிறது. ஹாலிஎலையில் பஸ்ஸிலிருந்து இறங்கித் தோட்டத்து ரோட்டில் ஏறினால், லயம் தெரியும் முன்பே அந்தச் சரிவுதான் கண்ணில் படும். பார்த்தாலே எனக்குப் பயம். அக்காவுக்குப் பயமில்லை. தினமும் பயந்துகொண்டிருந்தால் கொழுந்து எடுப்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு திட்டத்தில் வந்தவர்கள் அந்தச் சரிவில் கம்பங்கள் நட்டு, மண் நகர்கிறதா என்று அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். தோட்டத்து ஆபீசில் ஒரு சின்னப் பெட்டி வைத்தார்கள். மண் அசைந்தால் பெட்டி சைரனை அலறவிடும். படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். அதுவரை கடும் மழை பிடித்தால் லயத்து ஆண்கள் முறை வைத்து மேலே ஏறி, நிலம் வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவது வழக்கம். பெட்டி வந்ததும் அது நின்றுபோனது. மெஷின் பார்க்கும்போது மனிதன் எதற்கு நனைய வேண்டும்?

பிறகு ஒரு மழைக்காலத்தில் இடி இறங்கிப் பெட்டி கருகியது. தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கும் பெரிய கிளாக்கர் அதைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, பதுளையில் நான் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தார்.

“தம்பி, இதுக்கு உசிரு இருக்கா பாருங்க.”

பெட்டிக்கு இல்லை. உள்ளே இருந்த மெமரி கார்டுக்கு இருந்தது. புரோகிராம் முழுசாக அதில் கிடந்தது. ஆனால் அது கைப்பேசியில் இருப்பது போன்ற சிப்புக்காக எழுதப்பட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரின் சிப் வேறு ரகம், இதன் கட்டளை அதற்குப் புரியாது. எழுதிய கம்பெனியைத் தேடினேன். கம்பெனியே இல்லை. அதனால் நடுவில் ஓர் எமுலேட்டரைப் போட்டேன். நீதிமன்றத்தில் தமிழ்ச் சாட்சிக்கும் சிங்கள நீதவானுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்பாரே, அந்த வேலைதான் அதற்கு. புரோகிராம் சொல்வதை எல்லாம் இந்தச் சிப்புக்குப் புரியவைக்கும். கருவிகளின் வயரையும் சைரன் வயரையும் கம்ப்யூட்டரில் செருகினேன். சைரனை அதன் சுவிட்சில் அழுத்திப் பார்த்தேன், அலறியது. ஆபத்தில்லை என்று திரையில் பச்சைக் கட்டம் வந்தது. பெரிய கிளாக்கர் முதுகில் தட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நாளில் புரோகிராம் விழத் தொடங்கியது. தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டுவிட்டதாக ஒரே ஒரு வரி காட்டிவிட்டுப் பொசுக்கென்று நின்றுவிடும். வெயிலில் ஒழுங்காக ஓடும், மழையில்தான் இந்தக் கூத்து. ஈரம் என்று நினைத்தேன். கரண்ட் ஏறி இறங்குகிறது என்று நினைத்தேன். கம்ப்யூட்டரின் மெமரியை மாற்றினேன். புரோகிராமுக்குத் துணையான பழைய லைப்ரரி ஃபைல்களைக் கார்டிலிருந்து மறுபடி எடுத்துப் போட்டேன், எமுலேட்டரையும் புதுசாக்கினேன். எதற்கும் மசியவில்லை.

“நின்னா தானா திருப்பி ஓடுற மாதிரி வைக்க முடியாதா தம்பி? ஒவ்வொரு தடவையும் நானா எந்திரிச்சுப் போயி அமுக்குறது?” என்றார் பெரிய கிளாக்கர்.

தோட்டத்தில் தண்ணீர் மோட்டார் முதல் ஃபேக்டரி வரை எல்லாம் அப்படித்தான் ஓடுகிறது. நின்றால் கிளப்பு, ஏன் நின்றது என்று பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். நானும் அந்த மண்ணில் பிறந்தவன்தானே, செய்துகொடுத்தேன். அதன் பிறகு திரையில் பச்சை அணையவே இல்லை.

அடுத்த பெருமழையில் மனசு கேட்காமல் ஒரு பகலில் ஆபீசுக்குப் போனேன். சன்னலுக்கு வெளியே ஒரே பனிமூட்டம், சரிவு இருக்கும் திசையே தெரியவில்லை. உள்ளே புரோகிராம் விழுவதும் எழுவதுமாக இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் பச்சை சிமிட்டுவது தெரியும். புரோகிராம் கம்ப்யூட்டரிடம் கேட்பதையெல்லாம் திரையில் காட்டும்படி எமுலேட்டரிடம் சொல்லலாம். சொல்லிவிட்டு, விழுவதற்கு முன் கடைசியாக அது என்ன கேட்கிறது என்று பார்த்தேன். கருவியைப் படிக்கிறது. மறுபடி படிக்கிறது. பிறகு சைரனை ஊதச் சொல்கிறது. அந்த ஒரு கட்டளையை மொழிபெயர்க்க எமுலேட்டருக்குத் தெரியவில்லை, முடியாது என்கிறது. முடியாது என்ற பதிலுக்குப் புரோகிராமில் வழி எழுதப்படவில்லை. அங்கேயே விழுகிறது. அடுத்த முறையும் அதே இடம்தான்.

மண் நகர்ந்தபோதெல்லாம் அது சைரன் ஊதப் போயிருக்கிறது. ஊத முடியாமல் செத்திருக்கிறது. நாங்கள் அதை எழுப்பி உட்காரவைத்துப் பச்சை காட்டச் சொல்லியிருக்கிறோம்.

அக்காவுக்கு போன் எடுத்தேன்.

“என்னாடா? மழைன்னு வேலைக்குப் பேர் போடுற பெரட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க. எல்லாரும் லயத்துலதான் இருக்கோம்,” என்றாள். “வீட்டுக் காம்பரா கதவு சாத்தவே வரமாட்டேங்குது. மழைக்கு ஊதிருச்சு போல, ஒங்க மச்சான் சீவிக்கிட்டு இருக்காரு.”

கதவு ஊதியிருக்காது, சுவர் நகர்ந்திருக்கும்.

“கதவ விடுக்கா. புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு எறங்கு. எல்லாரையும் எறங்கச் சொல்லு.”

“ஆபீஸ்ல பச்சைன்னுதானடா சொல்றாங்க?”

போனை வைத்துவிட்டு சைரன் சுவிட்சை அழுத்திப் பிடித்தேன். பெரிய கிளாக்கர் ஓடிவந்தார். “தொரையக் கேக்காம என்னா தம்பி பண்றீங்க?” என்று கத்தினார். நான் கையை எடுக்கவில்லை.

சனங்கள் கீழே இருக்கும் தோட்டத்து ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சரிவில் ஒரு துண்டு இறங்கியது. லயத்துக்குப் பின்னால் இருந்த மரக்கறிப் பாத்திகளும் கக்கூஸ்களும் மண்ணுக்குள் போயின. மண் பின்சுவரில் வந்து சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீதிச் சரிவு அப்படியே மேலே இருக்கிறது.

சைரன் கட்டளையை எமுலேட்டருக்குப் புரியவைக்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன. புரோகிராம் எந்தக் காரணத்தால் நின்றாலும் சைரன் ஊதும்படியும் மாற்றினேன். வெயில் வந்தது. பிள்ளைகள் படிக்க ஸ்கூலைத் திறக்க வேண்டும், காலி பண்ணுங்கள் என்றார்கள். வேறு இடம் தருவதாகச் சொன்ன பேச்சு பேச்சாகவே இருந்தது. சைரன்தான் இப்போது சரியாகிவிட்டதே, இனி என்ன பயம் என்று எல்லாரையும் பழைய லயத்துக்கே போகச் சொன்னார்கள். நான் அதைச் சரிசெய்யாமலே இருந்திருக்கலாமோ என்று எரிச்சலாக வந்தது.

அக்கா பாயைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்கூல் வாசலில் நின்றாள். என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். அவள் பாயை இடுப்பில் இன்னும் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

“சரி பண்ணிட்டியாமே. இனிமே ஊதுமாடா?”

“ஊதும்க்கா.”

“அப்பச் சரி,” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை முன்னால் நடக்கவிட்டு, லயத்துக்கு ஏறிப் போனாள்.